எனக்கு வந்த பங்கு

காலையில் துடைத்த பியானோ மூடியில்
மதியத்துக்குள் என் பெயரை எழுதலாம்.
எழுதியும் பார்த்தேன், இனிஷியலோடு.

பிராண்டனில் நவம்பர் பிறந்துவிட்டால்
ஜன்னல்கள் ஏப்ரல் வரை வாய் திறப்பதில்லை.
உலை மூட்டிய முதல் இரவே
தரைக் கிராதி வழியாக ஒரு கருகல் வாசம்,
கோடையெல்லாம் படிந்தது எரிகிற வாசம்.
அதன் பிறகு
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வீடு மூச்சு விடும்.
விடும்போதெல்லாம் எதையாவது உமிழும்.

நாயைச் சொன்னேன்.
நாய் செத்து இரண்டு வருஷம் ஆயிற்று என்றான் டெல்மர்.
கம்பளத்தைச் சொன்னேன். சுருட்டி எறிந்தோம்.
எதிர்ச்சாரியில் சரளை கொட்டும் லாரியைச் சொன்னேன்.
அது பனிக்குள் கழுத்துவரை புதைந்து கிடந்தது, பாவம்.

ஃபில்டரை மாற்றிப் பாருங்கள் என்றார் கடைக்காரர்.
விலை கூடியதை வாங்கினேன், உள்ளே மடிப்பு மடிப்பாக.
அட்டை விளிம்பில் ஓர் அம்பு:
காற்று போகிற திசைக்கு.
பழையதை உருவியபோது தெரிந்தது,
பதினோரு வருஷமாக எங்கள் வீட்டு அம்பு
உலைக்கு முதுகு காட்டியே நின்றிருக்கிறது.
யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.
அது ஒரு நல்ல மாலை.

தூசி குறைந்தது,
வட்டி கட்டினால் கடன் குறைவது போல.

ஜனவரியில் ஹாலினா வந்தாள்.
முழங்காலில் ஒட்டுப்போட்ட அங்கி,
பல்லிடுக்கில் டார்ச், கையில்
பென்சில் பருமனில் ஒரு புகைக்குச்சி.
"ஊதுகிற குழாயைத்தான் எல்லாரும் திட்டுவார்கள்.
உறிஞ்சுகிற குழாயை யாரும் பார்ப்பதில்லை."
நிலவறையில் அவள் குச்சியை நீட்டிய இடத்தில்
நூலாக எழுந்த புகை
சட்டென்று தலை திருப்பி
தகரப் பொருத்தின் இடுக்கில் நுழைந்து
காணாமல் போயிற்று.
சுண்டுவிரல் நுழைகிற இடுக்கு.

அதற்கு நேர் கீழே டெல்மரின் மேஜை.
உப்புத்தாள். ரேடியோ.
முடிந்த துடுப்புகள் ஐந்து, பாதியில் ஒன்று.

ஆக, நான் துடைத்தது செர்ரி மரம்.
நான் தும்மியதெல்லாம் துடுப்பு.

மேலே நான், கீழே அவன்,
சாப்பாட்டு நேரத்தில் உப்பும் வானிலையும்;
பேசாத பேச்செல்லாம் பொடியாகி
என் மூடியில் வந்து படிந்தது
என்று எழுத ஆசைதான்.
மரத்தூள். அவ்வளவுதான்.

குழாயின் பெயரையே சூடிக்கொண்ட வெள்ளி டேப்
குழாய்க்கு ஆகாது, மூன்று குளிரில் உரிந்துவிடும் என்றாள்.
சாம்பல் நிறப் பசையைத் தூரிகையில் அள்ளி
கேக்கின் மேல் க்ரீம் போலத் தடவினாள்.
காசோலையை மடித்துச் செருகிக்கொண்டு
"நாளைக்குப் பாருங்கள்" என்று போனாள்.

நாளைக்குப் பார்த்தேன்.
வெள்ளிக்கிழமையும் பார்த்தேன்.
கறுப்பு. என் முகமே தெரிகிற கறுப்பு.
பெயர் எழுத இடமில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ
பாடத்துக்கு வந்த பையன் போனபின்
வீட்டில் ஏதோ குறைந்தது.
ரேடியோ கேட்கவில்லை. ஹாக்கி கேட்கவில்லை.
நடுநடுவே வருமே ஓர் இருமல், அதுவும்.

இருமல் நின்றதா,
எனக்குக் கேட்பது நின்றதா?

இத்தனை நாள் எனக்கு வந்த பங்கு
இப்போது எங்கே போகிறது?

பதினான்கு படி. மருந்துக்கடை முகமூடி ஒரு பெட்டி.
குண்டு பல்பின் அடியில் அவன்,
புருவமெல்லாம் பொடி,
ஒரே வாரத்தில் பத்து வயது கூடியவன் மாதிரி.

"மேலே நல்லா இருக்கா?"
"மேலே நல்லாத்தான் இருக்கு."

பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
கூரையோரத்துச் சின்ன ஜன்னலைப் பார்த்தான்;
அதன் கண்ணாடியில் பனி உள்பக்கமே பூத்திருந்தது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அங்கே ஒரு விசிறி வைக்கலாம், என்றான்,
பனி இளகினதும்.
இல்லை, இப்போதே, என்றேன்.

அளவுநாடாவை எடுத்தான்.
ஒரு முனையை நீட்டினான். பிடித்தேன்.
சரியாப் பிடி, என்றான்.
சரியாகத்தான் பிடித்திருந்தேன்.