இது என்றால் எது

பர்னுவில் டிசம்பர். மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
தீவுக்குப் போகும் படகின் சீட்டுப் பக்கத்தில்
ஒரு பொத்தான், அழுத்தினால் அசையவில்லை.
ஊர்வே கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள்.
அவளுடைய கெட்ட வார்த்தை அதுதான்.

வகுப்புக்குள் இருந்தவரை அந்தச் செயல்பாடு கெட்டிக்காரப் பிள்ளை.
தன் இருக்கைகள் எத்தனை, தன் தளத்தில் எத்தனை கார்,
எல்லாம் மனப்பாடம்.
பொத்தான் கையில் ஒப்படைத்த கணமே
பேர் மறந்தது, வீடு மறந்தது.
'திஸ்' என்று தன்னைத் தொட்டுப் பார்த்தது;
நெஞ்சிருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

இது என்றால் எது,
கேட்டது திரை, சிவப்பில்.

வகுப்பின் வாசலில் பதினேழு வரி ஏற்கெனவே நின்றன,
இன்னதை இன்னதோடு கட்டு
இன்னதை இன்னதோடு கட்டு என்று.
பதினெட்டாவதை எழுத மறந்தவன் நான்.
சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்;
ஒவ்வொரு வரியின் ஓரத்திலும்
எழுதியவன் பேர் நிற்குமே.

"அம்புக்குறி போட்டு எழுதிவிடு" என்றான் தாவோ,
வாயில் பாதிக் கம்பு ரொட்டி.
"வரையும்போதெல்லாம் புதிதாய் ஒன்று பிறக்கும்.
நானூறு வரிசையும் யாரோ வந்துவிட்டார்களென்று
எழுந்து நிற்கும்" என்றாள்.
பிறகு, சன்னலைப் பார்த்து:
"நம் பேச்சில் 'துலின்' என்றால் வந்தேன்.
வெட்டித் தெருவில் எறிந்தாலும்
வாலில் ஆள் உட்கார்ந்திருப்பான்.
இங்கே வினைக்கு வாலில்லை.
எழுவாயை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறது."

அன்றிரவு முப்பது வரி எழுதினாள்.
வகுப்பின் தலையில் ஒரே ஒரு குறி, அவ்வளவுதான்.
முதலில் எவர் வழியாகத் தொடுகிறோமோ அவரோடு முடிச்சு விழும்.
அடுத்த முறையும் அதே முடிச்சு.
தொடாததைக் கட்டுவதில்லை.
சொல்ம் என்று பேர் வைத்தாள்,
துறையில் கயிறு போடுகிறவர்கள் சொல்லும் சொல்.
பதினேழு வரிகளையும் நானே அழித்தேன்,
சட்டையில் தப்பாய்ப் போட்ட தையலைப் பிரிப்பதுபோல,
கொஞ்சம் சந்தோஷமாக.

மார்ச்சில் ஜலசந்தியைப் பனிக்கட்டி அடைத்தது.
படகு நின்றது.
பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்களின் கணினிகள்
மெல்ல மூச்சிரைத்தன.
மூடிய பலகைகள் சாகவில்லை.
நிமிடத்துக்கொருமுறை காற்றின் வேகம் கேட்கும் கடிகாரம்
அவற்றின் கையைப் பிடித்திருந்தது,
எங்கள் முடிச்சின் புண்ணியத்தில்.
நினைவகத்தில் இருநூற்றுப் பத்து ஆவிகள்.
ஒன்றுகூடத் தன் பேரை மறக்கவில்லை.

ஊர்வே கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்கவில்லை.
"கட்டக் கற்றுக்கொடுத்தேன்" என்றாள்.
மேற்கொண்டு எதுவும் பேசாமல் தட்டினாள்:
பலகை போகும்போது, கடிகாரத்தின் பிடியை விடுவி.
ஒரு வரி என்று நினைத்தோம், நாலானது.
நாலாவதில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய்
விடிகாலை இரண்டு மணி ஆனது.

ஏழாம் நாள் பனி உடைந்தது.
முதல் படகுக்கு ஒருத்தி
இழுவண்டியில் மூன்று கன்றுகளோடு சீட்டு எடுத்தாள்.
பொத்தான் அசைந்தது,
எந்தப் படகு, எந்தத் தளம் என்ற நினைவோடு.
வாங்கி முடித்ததும் அந்தப் பலகை போயே போய்விட்டது.

"யார் சரிசெய்தது?" தாவோ கேட்டான்.
கோட்டை மாட்டிக்கொண்டே ஊர்வே சொன்னாள்:
"செய்தாயிற்று."