நாற்பத்து மூன்றாம் கேள்வி

இரவு டூட்டி முடிந்து
ஜுபைலிலிருந்து கோபருக்கு
ஷேர் டாக்சியில் நான்கு பேர்.
என் தோளில் சாய்ந்து தூங்கிவருகிறாள்
மரிவிக். பதினோரு வருடம் ஐசியூ.
ஆஸ்பத்திரி கைமாறிவிட்டது.
புது முதலாளிகளுக்கு எங்களைத் தெரியாது,
எழுதிக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

தேர்வறையில்
மருந்து வைக்கும் ஃபிரிட்ஜின் குளிர்.
வாட்சைக் கழற்று. கம்மலைக் கழற்று.
அபாயாவின் கையை மடக்கு.
முழங்கைக்குக் கீழே பேனாவில் எழுதியிருந்தது:
ஏழாம் கட்டில், மூத்திரம், இருநூற்றைம்பது.
விடை என்று நினைத்து
கழுவிவிட்டு வா என்றாள் காவல் பெண்.
சோப்பில் போகவில்லை.
தேய்த்ததில் தோல்தான் சிவந்தது.

கேள்வி நாற்பத்து மூன்று.
நோயாளி நெஞ்சு வலிக்கிறது என்கிறார். வியர்க்கிறது.
செவிலியர் முதலில் செய்யவேண்டியது என்ன?
நான்கு விடைகள். நான்கும் நல்லவை.
நான்கு கை இருந்தால் நான்கையும் செய்வேன்.

முதலில்
அவர் சொன்னது நெஞ்சுவலிதானா என்று தெரியவேண்டும்.
துறைமுகத்து வெல்டர், பஷ்தூ தவிர எதுவும் பேசாதவர்,
நெஞ்சில் கைவைத்து என்னவோ சொல்கிறார்.
வலியா, சத்தியமா,
சட்டைப்பையில் ஊருக்கு அனுப்பாத பணமா.
தரை துடைக்கும் குல்ஜான் எந்த மாடியில் என்று
ஆள் விட்டுத் தேடவேண்டும்.
அதற்கும் முதலில்
ஒன்பதாம் கட்டிலின் மகன் வழிமறித்து
டீ ஏன் ஆறியிருக்கிறது என்று கேட்பார்.
அதற்கும் முதலில்
ஈசிஜி மெஷின் அடுத்த வார்டில் இருக்கிறது,
கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும்.
அதற்கும் முதலில்
என் பேரில் பதினோரு நோயாளிகள்.

கம்ப்யூட்டரில் படுத்திருப்பவருக்கு
சொந்தக்காரர்கள் இல்லை. படுக்கை நனைவதில்லை.
ஒரே வியாதி,
அதற்கென்றே ஒரு நர்ஸ்.

இப்படியெல்லாம் சொல்லிச் சிரிப்போம், டீ குடிக்கிற அறையில்.
ஃபெமிலா வந்த புதிதிலும் சிரித்தோம்.
பி.எஸ்சி., தங்கப் பதக்கம்.
அவள் காலேஜில் அறுபது பிள்ளைகளுக்கு
ஒற்றைக்கால் பொம்மை ஒன்று.
பார்த்த பிரசவம் மூன்று, நோட்டில் எழுதியது இருபது.
முதல் ஊசி போடும்போது
நோயாளி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார், நடுக்கம் தாங்காமல்.
நான்தான் சத்தமாய்ச் சிரித்தேன்.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை, மணி நாலு.
வலிப்பு வந்த பையன்.
ஃபெனிடோயினை உறிஞ்சியெடுத்து
கைக்கு வந்த பாட்டிலில் ஏற்றப்போனேன்.
"அக்கா, அது டெக்ஸ்ட்ரோஸ்."
அவ்வளவுதான் சொன்னாள். சலைனை நீட்டினாள்.

பையன் உறங்கிய பிறகு
மிச்சமிருந்த மருந்தில் இரண்டு சொட்டு
அந்த டெக்ஸ்ட்ரோஸில் விட்டுப் பார்த்தேன்.
அரிசி கழுவிய தண்ணீராய்க் கலங்கியது.
டிப்ளமாவில் எனக்கும் இருந்த வரிதான்.
பதினாலு வருடத்தில்
எந்த இரவில் தொலைத்தேன் என்று தெரியவில்லை.
அவள் யாரிடமும் சொல்லவில்லை.
நானும்தான், இதுவரை.

சந்தேகம் வந்தால்
'நோயாளியை மதிப்பிடு' என்பதை அழுத்து
என்று கோச்சிங்கில் சொல்லியிருந்தார்கள்.
அழுத்தினேன்.
குல்ஜான் வராமலே
நாற்பத்து நாலு வந்தது.

அப்போதுதான் பார்த்தேன்.
பக்கத்துத் தடுப்பில் மரிவிக்
மவுஸைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள்.
அவள் திரையில் மிச்சம் ஐம்பத்தொரு நிமிடம்.
ஐம்பது.
பேசினால் இருவரையும் வெளியேற்றுவார்கள்.
தொட்டாலும்.

செவிலியர் முதலில் செய்யவேண்டியது என்ன?

என் நாற்காலியை
தரை கிறீச்சிட
பின்னால் இழுத்தேன்.