முதலில் மைனஸைக் கழற்று

டவுன்ஹால் ரோட்டில் இரண்டாயிரத்து எழுநூறு.
மாட்டித்தர அறுநூறு தனி என்றார் கடைக்காரர்.
அந்த அறுநூறை மிச்சம் பிடித்த பெருமையோடு
ஆனையூர் வந்து சேர்ந்தேன்.
ஜான்சி டயரைப் பார்த்தாள்,
என் கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.
"மொட்ட டயருக்குப் பாட்டு ஒரு கேடா?"
அதோடு சரி. அது வியாழக்கிழமை.

ஞாயிறு. ஹவுசிங் போர்டு வேப்பமர நிழல்.
மூன்று கை மாறிய ஆல்டோ.
பானெட்டைத் தூக்கி
பத்தாம் நம்பர் ஸ்பேனரால்
முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும்.
ப்ளஸ்ஸில் கைவைத்து ஃப்யூஸைப் புகைத்தவன்
எங்கள் பிளாக்கிலேயே ஒருவன் உண்டு.
பெயர் வேண்டாம்,
ஸ்பேனர் அவனுடையது.

டேஷ்போர்டை நெம்ப ஸ்க்ரூடிரைவர் ஆகாது, கீறிவிடும்.
காலாவதியான ஏடிஎம் கார்டு போதும்.
துணி சுற்றிய தோசைத்திருப்பி அதைவிட நல்லது,
ஆனால் கேட்டு வாங்கும் நிலையில் நான் இல்லை.
கார்டு இரண்டாக ஒடிந்தது.
கொஞ்ச நேரத்தில்
மகன் கவின் கையில் தோசைத்திருப்பி இறங்கி வந்தது,
துணி சுற்றி,
ஒரு சொல்லும் இல்லாமல்.

கடைவாய்ப் பல் மாதிரி ஆடி ஆடி
வெளியே வந்தது பழைய ஸ்டீரியோ.
அதன் குழியில்
யாருடையதோ ஹேர்பின், திருநீற்றுப் பொட்டலம்,
மாட்டுத்தாவணி பார்க்கிங் சீட்டு,
முன்னால் வைத்திருந்தவர் செல்லோ டேப்பில் கட்டிய
எட்டு வயர்.

மஞ்சளில் எந்நேரமும் கரண்ட் உண்டு.
மணி, ஸ்டேஷன், பாட்டு விட்ட இடம்
எல்லாம் அதன் பொறுப்பு.
சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் விழிக்கும்.
இரண்டையும் மாற்றிக் கொடுத்தால்
வண்டியை அணைக்கும்போதெல்லாம் அனைத்தும் மறந்து
பன்னிரண்டு பன்னிரண்டு என்று மினுக்கும்.
உங்களுக்கு அந்தக் கோளாறுதான் என்பாள் ஜான்சி.
உனக்கு மஞ்சள் கொஞ்சம் தடிமன் என்பேன்.
பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

கருப்பை பாடி இரும்பில்,
பெயின்ட் சுரண்டிவிட்டு இறுக்கினேன்.
மூட்டுகளில் வெறும் டேப் சுற்றாதீர்கள்,
நம் சித்திரை வெயிலில் பசை உருகி வழுக்கும்.
சூட்டில் சுருங்கும் ட்யூபை மாட்டி லைட்டரைக் காட்டுங்கள்.
விரலைக் காட்டாதீர்கள்.

மைனஸை மாட்டி, சாவியைத் திருப்ப,
விளக்கு வந்தது. சத்தமும் வந்தது.
ஆனால் அதில் ஏதோ இல்லை.
தவில் இருந்தது, அடி இல்லை.
உறுமி, பல்லி கத்துவதுபோல் கேட்டது.
பின்சீட்டில் ஒரு காது வேண்டும்.
கவின் மட்டையோடு போய்விட்டிருந்தான்.

அவள் வந்தாள்.
கதவை அறைந்து சாத்தி உட்கார்ந்தாள்.
"இடது வருது."
"இப்ப?"
"வலதும் வருது. ரெண்டும் வருது.
ஒண்ணா வரல."

செல்லம்பட்டிப் பக்கம்
ரேடியோ செட் கட்டியவரின் மகள்.
மாடிக்குப் போய்
சுவர்க்கடிகாரத்து பேட்டரியைப் பிடுங்கி வந்து
ஸ்பீக்கர் வயர் இரண்டில் தொட்டாள்.
டப். இடதின் தாள் வெளியே துள்ளியது.
டப். வலது உள்ளே பதுங்கியது.
"ஒருத்தன் தள்றான், ஒருத்தன் இழுக்கிறான்.
நடுவுல பேஸ் செத்துருச்சு."

ஏதாவது உவமை சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.
சொல்லவில்லை.
வயரை மட்டும் மாற்றிச் செருகினாள்.

கூரைமேல் கிடந்த வேப்பம்பழங்கள்
ஒவ்வொரு அடிக்கும் ஒரு நூல் நகர்ந்தன.
கீழ்வீட்டு ரெங்கசாமி சார் ஜன்னலைச் சாத்தினார்.
பாட்டு முடியும்வரை இறங்காமலிருந்து
"அந்த அறுநூறு எங்க?" என்றாள்.
"டயருக்கு அட்வான்ஸ் குடுக்கணும்."

சாவியை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன்.
விட்ட இடத்திலிருந்து பாடியது.

மாடியில் கடிகாரம்
மூன்று நாற்பதிலேயே நின்றிருந்ததை
திங்கள் காலை,
பள்ளி வேன் போனபிறகுதான் பார்த்தோம்.