மூன்றடி

நிப்பட்டுக் கடை உரிமம் புதுப்பிக்க
நாலாவது முறையாக வந்திருக்கிறார் கெம்பம்மா.
வரி ரசீது, வாடகை ஒப்பந்தம்,
கடைமுன் நின்று எடுத்த போட்டோ;
அதில் கண் மூடியிருக்கிறார்.

"இன்னும் என்ன சார் குறையுது?"

ஒன்றும் குறையவில்லை.
மேசையின் இடப்பக்கம் அவர் கோப்பு.
வலப்பக்கம்
காவேரிப்பட்டணம் பேரூராட்சி
மழைநீர் வடிகால் திட்டம்.
வரைபடத்தில் சிவப்புக் கோடு
அவர் அடுப்பின்மேல் ஓடுகிறது.
மூன்றடி.

போன ஐப்பசியில்
சாக்கடை கடைக்குள் புகுந்ததென்று
வடிகால் கேட்ட மனுவில்
முதல் கையெழுத்தும் அவருடையதே.

முத்திரையை ஒற்றினேன்.
"மார்ச் முப்பத்தொன்று வரைக்கும் செல்லும்."
ஏப்ரலில் பொக்லைன் வருவதை எழுத
அந்தப் படிவத்தில் கட்டமில்லை.

பொட்டலமொன்றை மேசைமேல் வைத்தார்.
கையை இழுத்துக்கொண்டேன்.

"லஞ்சமில்ல சார்.
உடைஞ்சது, விக்காது."