இடது காது

பாயைச் சுருட்டும்போது பார்க்கிறேன்,
தலையணையில் மஞ்சளாய் ஒரு வட்டம்.
இரண்டு வருஷமாய் அதே இடத்தில்.

ஜவ்வில் ஓட்டை என்றார் மண்டபத்து டாக்டர்.
மதுரையில் அடைக்கலாம்,
காப்பீட்டு அட்டை இருந்தால் காசு வேண்டாம்.

அட்டைக்கு ரேஷன் கார்டு வேண்டும்.
ரேஷன் கார்டு இருக்கிறது, தங்கச்சிமடத்தில்,
நான் நுழைய முடியாத ஓர் அடுக்களையில்
இவன் அப்பன் வைத்திருக்கிறான்.
இவன் பேரும் அதில் உண்டு.
மாதாமாதம் இவன் பங்கு அரிசி
அங்கேதான் வேகிறது.

நம்புசீலனுக்கு ஒன்பது வயது.
சொட்டு மருந்து எண்பத்தஞ்சு,
ராமநாதபுரத்துக்குப் பஸ்,
எனக்கு ஒரு நாள் பாசி.
எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு
"இன்னைக்கு வலிக்கலம்மா" என்பான்.
பொய் சொன்னால் ஒரு கண் சுருங்கும் அவனுக்கு.

வகுப்பில் இடப்புறச் சுவரை ஒட்டி உட்கார்கிறான்,
நல்ல காது டீச்சர் பக்கம் இருக்கட்டுமென்று.
யாரும் சொல்லித் தரவில்லை.
டீச்சருக்கும் தெரியாது.
'கவனக் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்.
கீழே கையெழுத்துப் போட்டேன்.

மற்றப் பிள்ளைகள் முங்கிச் சிப்பி எடுக்கையில்
இவன் கரையில்,
அவர்கள் சட்டைகளுக்குக் காவல்.
"தண்ணிக்குள்ள என்னம்மா கேக்கும்?"
ஒன்றும் கேட்காது என்றேன்.
"அப்ப அங்க எல்லாரும் என்னைய மாதிரித்தான்"
என்று சிரித்தான்.
மறுநாள் பாசிக்கு முங்கியபோது
கொஞ்ச நேரம் சும்மா இருந்து கேட்டேன்.

ஏழு தடவை தாலுகா ஆபீஸ்.
பாறை தின்ற என் விரலை
மெஷின் கடைசியில்தான் ஒத்துக்கொண்டது.
இரண்டே பேர் கொண்ட புதுக் கார்டு வந்தது.
வருமானச் சான்று வாங்கப் போனால்
வருமானம் என்ன என்று கேட்டார்கள்.
கடலைக் கேட்க வேண்டும் என்றேன்,
எழுதிக்கொள்ளவில்லை.

பாம்பன் பள்ளிக்கூடத்தில் முகாம்.
டோக்கன் நாற்பத்தேழு.
நாற்பத்தொன்றில் இன்னொரு நகல் வேண்டுமென்றார்கள்.
"கூப்பிட்டால் போய் நில்லு" என்று சொல்லிவிட்டு
ரோட்டுக்கு ஓடினேன்.
ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை.
அடுத்த கடை பாலத்துப் பக்கம்.

திரும்பும்போது மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
மைக்கில் கூப்பிட்டார்களாம்,
நம்பு, நம்பு என்று மூன்று தரம்.
யாரும் வரவில்லையாம்.
அடுத்த முகாம் எப்போதென்று
அவர்களுக்கும் தெரியவில்லை.

அவன் இருந்தான்,
விட்டுப்போன அதே பெஞ்சில், விறைப்பாக,
மைக்குக்கு இடது காதைக் கொடுத்து,
நான் வருவது கேட்கட்டுமென்று
நல்ல காதை வாசல் பக்கம் வைத்து.

எழுந்து வந்து என் கைத்தாளைப் பார்த்தான்.
"ஜெராக்ஸ் எவ்வளவும்மா?"