எண் பதினொன்று

பதினேழு கட்டடங்கள். மூன்று பத்திகள்:
வைக்க, இடிக்க, முகம் மட்டும்.
அடிக்கோல் வைத்துக் கோடு போட்டவள் நான்.
குறிப்பெழுதுபவளுக்கு வாக்கு கிடையாது;
காபி வருவதற்குமுன் எழுந்துபோகவும் கூடாது.

சால்ட்டோவில் ஜூன் மாதம்.
உருகுவே ஆறு கரையேறி
துறைமுகத் தெருவின் முதல் விளக்குக்கம்பம்வரை வந்து நிற்கிறது,
அதற்கும் அழைப்பு அனுப்பியிருந்த மாதிரி.
மோன்டேவிடியோவிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் பெந்தாங்கோர்
திரையில் படம் காட்டுகிறார்.
அவருடைய மரங்கள் எல்லா மாதமும் பூக்கின்றன.
அவருடைய மனிதர்களுக்கு நிழல் விழுவதில்லை.

வங்கிக்கு விவாதமே இல்லை.
தூண்கள் இருக்கின்றன; தூணுக்கு யாரும் கேடு நினைப்பதில்லை.
தோல் கிடங்கு: இடிக்க.
நாற்றம் போய் நாற்பது வருடம்,
இன்னும் ஒரு கையால் மூக்கைப் பிடித்தபடிதான்
மறு கையைத் தூக்கினார்கள்.
எல்டொராடோ திரையரங்கு: முகம் மட்டும்.
"முகப்புக்கு இரும்புச்சட்டம் கொடுத்துவிட்டு
பின்னால் இருப்பதை முழுக்க எடுத்துவிடுவோம்,"
வலிக்காது என்று சொல்லும் பல்வைத்தியர் குரலில்.
நெலிதா எச்செவெரி கேட்டார்:
"டிக்கெட் வாங்கிக்கொண்டு எங்கே போய் உட்காருவது?"
சிரித்தார்கள்.
சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

எண் பதினொன்று வந்தபோது மழை கனத்தது.
எண் பதினொன்று, நாங்கள் உட்கார்ந்திருந்த கட்டடம்.
நகராட்சி இணைப்பு அலுவலகம், ஐந்து மாடி.
சாம்பல் நிறம் என்றால் சாம்பல் கோபித்துக்கொள்ளும்.
மேசை ஓரத்தில் ஒரு வாளி. அதற்குள் கூரை
சொட்டுச் சொட்டாகத் தன் தரப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.
அழகில்லை என்றார்கள். உண்மை.
வரலாறு இல்லை என்றார்கள்.
எழுதினேன். எழுதத்தானே சம்பளம்.
ஆனால் மூன்றாம் மாடியில் வரி பாக்கி வரிசையில்
பாதி ஊர் மறுபாதியோடு சண்டை போட்டிருக்கிறது.
அப்படிச் சண்டை போட்ட இரண்டு பேர்
மறு வருடமே கல்யாணத்தைப் பதிய இரண்டாம் மாடிக்கு வந்தார்கள்,
ஏழு வருடம் கழித்து, முறிவைப் பதிய, நான்காம் மாடிக்கு.
அதில் ஒருத்தி நான்.

வாக்கு, நான்குக்கு நான்கு.
ஒன்பதாமவர் வாஷிங்டன் ஒலிவேரா லிஃப்டில் இருந்தார்.
லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்தது.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தேக் குடுக்கை,
மூன்று மணிநேரம் தாங்குவார் என்றான் காவலாளி.

எல்லோரும் லிஃப்ட் கதவுக்குப் போனோம்.
தலைவர் இடுக்கில் வாய் வைத்து
"எண் பதினொன்றை இடிக்கலாமா?" என்று கத்தினார்.
அதே நொடியில் நெலிதா
"மூச்சு விட முடிகிறதா?" என்று கத்தினார்.
கீழிருந்து வந்தது ஒரு சொல்:
"ஆமாம்."

இடிக்கச் சொன்ன நால்வரும் கை தட்டினார்கள்.
மற்ற நால்வரும் அது மூச்சுக்கான பதில் என்றார்கள்.
மறுபடி கேட்டோம்.
மழை. பிறகு, மாத்தே உறிஞ்சும் ஒலி.

நான் எழுதினேன்:
உறுப்பினர் ஒலிவேரா, ஆமாம்.
அதற்கு மேலே, கேள்விக்கு,
மூன்று வரி இடம் விட்டேன்.

பூட்டுக்காரன் வந்து அவரை வெளியே இழுத்தபோது மணி ஒன்பது.
பெந்தாங்கோர் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்.
மற்றவர்களும் வீட்டுக்கு.
முழங்காலெல்லாம் க்ரீஸ். தாளை நீட்டினேன்.
"எதற்கு ஆமாம் சொன்னேன்?" என்றார்.
"நீங்கள் என்ன நினைத்துச் சொன்னீர்கள்?"
பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.
"யாரோ 'இருக்கிறாயா' என்று கேட்ட மாதிரி இருந்தது."

கையெழுத்துப் போட்டார்.
வாளி நிறைந்திருந்தது.
இருவருமாகத் தூக்கிக்கொண்டு
படிவழியே இறங்கினோம், தளும்பாமல்,
ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் நின்று.