முகவரிக்கு அரை வரி

படிவம் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் கேட்கிறது.
பெயர்: கோகிலவதி படையாச்சி.
வயது: ஐம்பத்து நான்கு.
முகவரிக்கு அரை வரிதான் விட்டிருக்கிறார்கள்.
மியர்பேங்க், டர்பன் என்றதுமே இடம் முடிந்துவிட்டது.

மனக்கலக்கம் எப்போது தொடங்கியது?
இதற்கு மட்டும் ஆறு வரி.
மாற்றிப் போட்டிருந்தால்
எழுத எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எங்கள் தெருவுக்கு இந்தியாவில் இருக்கும் ஓர் ஊரின் பெயர்.
வைத்தவர்கள் அந்த ஊரைப் பார்த்ததில்லை,
நாங்களும்தான்.
தெருக்கோடியில் வேலி,
வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் ஆலை.
அப்பாவை இங்கே கொண்டுவந்து போட்டவர்கள்
நான்கு சுவருக்குக் கணக்குப் பார்த்தார்கள்,
காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.
காற்று வாங்குவது என்கிறோம் தமிழில்.
எங்களுக்கு வாங்காமலேயே வந்தது,
ராத்திரி மூன்று மணிக்கு,
கதவைத் தட்டாமல்.

வடகிழக்கு என்றால் அணைத்த தீக்குச்சி.
தெற்கே இருந்து அடித்தால் காகித ஆலை,
ஊசிப்போன முட்டைக்கோஸ்.
அம்மா விடிந்ததும் முதலில் பார்ப்பது
கொடியில் என் பாவாடை எந்தப் பக்கம் பறக்கிறது என்று.
பிறகு ஜன்னல்களை அடைப்பாள்.
அடைத்ததைப் போய்த் தொட்டுப் பார்ப்பாள்.
இரண்டாம் தடவை. ஐந்தாம் தடவை.
அவளுக்குப் பயம் ஜாஸ்தி என்றார்கள்
சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்த உறவுக்காரர்கள்,
மூக்கைப் பொத்திக்கொண்டு
டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியவர்கள்.

பள்ளிக்கூடத்தில் இரவை வரையச் சொன்னதற்குத்
தம்பி தயாளன் வானத்துக்கு ஆரஞ்சு அடித்தான்.
டீச்சர் கறுப்புக் கிரேயானை எடுத்து
அதன் மேலேயே தேய்த்தாள்.
இழுப்பு வந்து அழுதானா, அழுது இழுப்பு வந்ததா,
பம்பை வாயில் வைத்தபடி வீடு வந்து சேர்ந்தான்.
இப்போது கேப் டவுனில், மலைக்காற்று.
நாற்பத்தெட்டு வயது.
விளக்கை அணைத்தால் தூங்க மாட்டான்.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்றார் டாக்டர்.
உண்டு என்றேன்.
ரத்தத்தில் வந்ததா, ஜன்னல் சந்தில் வந்ததா
என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் ஆதாரம் கிடையாது.
ஆதாரம் நான்தான்,
ஆனால் என்னையே சந்தேகப்பட்டுத்தானே
இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஆலையில் இப்போது நெருப்பு எரிவதில்லை.
மூன்று மணிக்கு விழித்து முகர்ந்து பார்க்கிறேன்.
ஒன்றும் இல்லை.
அந்த ஒன்றும் இல்லாததுதான்
விடியும்வரை கட்டிலைச் சுற்றி நடக்கிறது.

பேச்சு நடுவில் நின்றுவிடுகிறதே, ஏன்?
இதையும் குறித்துக்கொண்டார்.

எங்கள் கூரைக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும்.
வாக்கியத்தின் குறுக்கே வரும், நிறுத்துவோம்.
சோற்றுக் கரண்டி அந்தரத்தில்,
அப்பாவின் திட்டு அந்தரத்தில்.
என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்
"எங்களுக்குச் சம்" என்றபோது ஒன்று போனது.
அது போய் முடியும் வரை
நான் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றேன்.
பிறகு விட்ட இடத்தில் எடுப்போம்.
உலகக் கோப்பை நடந்த வருஷம்
விமான நிலையத்தை வடக்கே கொண்டுபோனார்கள்.
நிறுத்தத்தை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.

கவுண்டரில் படிவத்தை வாங்கியவளின் பேட்ஜில்
லொரேன் என்று மட்டும் இருந்தது.
எந்தப் பக்கத்துக்காரியோ, கேட்கவில்லை.
"அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, காலை எட்டு"
என்றவள் அப்படியே நின்றாள்.
பார்வை கூரைக்குப் போயிற்று.
பேனா அந்தரத்தில்.
வெளியே ஒரு சத்தமும் இல்லை.

நானும் வாயை மூடிக்கொண்டேன்,
அது போய் முடியட்டும் என்று.